நிழலில் காய வேண்டிய அட்டை

நுண்ணோக்கியில் கண்ணை வைத்ததும் எனக்கு ஞாபகம் வந்தது எங்கள் வீட்டு இட்லித் துணி. இட்லி எடுத்ததும் அம்மா அதைப் பிழிந்து மேடை ஓரத்தில் போட்டுவிடுவாள். பிரிக்காமல், உதறாமல், சுருக்கம் சுருக்கமாக அப்படியே கிடக்கும். கண்ணாடித் தகட்டில் இருந்த அந்த எலும்பு மஜ்ஜை செல்லும் அப்படித்தான் இருந்தது. உட்கரு ஒரு மூலைக்கு ஒதுங்கியிருக்க, மீதி இடம் முழுக்கச் சுருக்கம்.

அண்ணாமலை நகரில் முதுகலை உயிர்வேதியியல் கடைசிப் பருவம், செய்முறை வகுப்பு. மேடம் வரிசைக்கு நடுவில் நடந்துகொண்டே சொல்லிக்கொண்டு வந்தார்.

"கொழுப்பு சேமிப்பு நோய்ல இது ஒண்ணு. மண்ணீரல் பெருசாகி வயிறு முன்னால தள்ளும். ரத்தம் குறையும். லேசா இடிச்சிக்கிட்டாலே நீலம் பூக்கும். மூக்குல ரத்தம் வரும். கால் எலும்பு வலிக்கும். பூச்சின்னு மருந்து குடுப்பாங்க, சத்துக் குறைவுன்னு டானிக் குடுப்பாங்க. பேரைக் கண்டுபிடிக்கிறதுக்குள்ள வருஷம் ஓடிடும்."

நான் கண்ணை எடுக்கவேயில்லை. அவர் சொன்ன ஒவ்வொன்றுக்கும் என் அக்கா மகள் தலையாட்டுவதுபோல் இருந்தது. இரண்டரை வயது. வயிற்றைப் பார்த்து வீட்டில் எல்லோரும் அவளைப் பிள்ளையார் என்றுதான் கூப்பிடுவோம். போன சதுர்த்திக்குக் காகிதக் கிரீடம் வைத்து, வயிற்றைச் சுற்றி ரப்பர் பாம்பு கட்டி நான்தான் போட்டோ எடுத்தேன். என் போனைத் திறந்தால் முதலில் வருவது அந்தப் படம்.

"மேடம், இது யாருக்கு வரும்?"

"அப்பா அம்மா ரெண்டு பேர்கிட்டயும் பழுதான மரபணு ஒண்ணு ஒண்ணு இருக்கணும். அவுங்களுக்கு ஒண்ணும் தெரியாது, நல்லாத்தான் இருப்பாங்க. ரெண்டு பழுதும் ஒரே குழந்தைக்குப் போனா வரும். ஒவ்வொரு பிரசவத்துலயும் நாலுல ஒரு பங்கு வாய்ப்பு. சொந்தத்துல கட்டுற குடும்பங்கள்ல ஜாஸ்தி."

என் அக்கா கட்டிக்கொண்டது எங்கள் தாய்மாமனை.

இதை எழுதும்போது தெரிந்த ஒரு விஷயம் அன்றைக்கு எனக்குத் தெரியாது. அக்கா வயிற்றில் இன்னொரு குழந்தை ஏழு வாரமாக வளர்ந்துகொண்டிருந்தது. மூன்று மாதம் முடியும்வரை வெளியே மூச்சு விடக்கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். கூடப்பிறந்தவளுக்கும் சொல்ல மாட்டார்கள். அம்மாவுக்கும் மாமாவுக்கும் மட்டும் தெரியும். மூத்தவளுக்கு என்ன நோய் என்பது உறுதியானால்தான் வயிற்றில் இருப்பதற்கும் அது உண்டா என்று பார்க்க முடியும். அதற்கு நாள் கணக்கு உண்டு; குறிப்பிட்ட வாரத்துக்குள் பார்த்தால்தான் கருவை வைத்துக்கொள்வதா என்று முடிவெடுக்க முடியும். அந்தக் கணக்கு ஓடிக்கொண்டிருந்தது தெரியாமலே, என் பாட்டுக்கு அவசரப்பட்டுக்கொண்டிருந்தேன்.

வகுப்பு முடிய அரை மணி நேரம் இருக்கும்போதே பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன். கடலூர் பேருந்தில் சன்னலோரம். பு.முட்லூர், புதுச்சத்திரம், ஆலப்பாக்கம் எல்லாம் எப்போது போயின என்று தெரியாது. போனில் படித்துக்கொண்டே வந்தேன். கோஷே என்று சொல்ல வேண்டுமாம் அந்த நோயின் பெயரை. நாங்கள் வகுப்பு மொத்தமும் கௌச்சர் என்று உருப்போட்டு வைத்திருந்தோம். செல்லுக்குள் லைசோசோம் என்று குட்டிக் குட்டிப் பைகள் உண்டு. பழசு, கிழிசல் எல்லாம் அதற்குள் போய்த் துண்டாகி மறுபடி உபயோகத்துக்கு வரும். ஒவ்வொன்றையும் வெட்ட ஒவ்வொரு நொதி. ஒரு நொதி வேலை செய்யாவிட்டால் அது வெட்ட வேண்டிய கொழுப்பு பையிலேயே தங்கிவிடும். செத்த ரத்த அணுக்களின் உறையிலிருந்து நாள்தோறும் வந்து விழும் கொழுப்பு அது. வெட்ட முடியாமல் விழுங்கி விழுங்கி வீங்கிய செல்கள் மண்ணீரலிலும் ஈரலிலும் எலும்புக்குள்ளும் குவியும். இதெல்லாம் பரீட்சைக்கு நான் எழுதிய விடைதான். அதே விடையை மடியில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போவது வேறு மாதிரி இருந்தது.

எங்கள் வீடு கடலூர் முதுநகரில், துறைமுகத்துக்குப் போகிற சாலையில். அப்பா இறந்தபோது நான் ஒன்பதாவது படித்தேன். மாமா துறைமுகத்தில் ஐஸ் ஃபேக்டரியில் மேற்பார்வை வேலை. அவர்தான் வந்து எங்களோடு தங்கி, என்னைப் படிக்கவைத்து, பிறகு அக்காவைக் கட்டிக்கொண்டார். அம்மாவின் தம்பி, அக்காவின் புருஷன். எந்தப் பக்கம் திரும்பினாலும் எனக்கு மாமாதான்.

நான் போனபோது குழந்தை வாசற்படியில் உட்கார்ந்து பொரி தின்றுகொண்டிருந்தாள். கை கழுவக்கூட இல்லை, அவளைத் தூக்கிக் கட்டிலில் படுக்கவைத்து வயிற்றில் கை வைத்தேன். இடது பக்கம், விலா எலும்புக்குக் கீழே கெட்டியாக ஒரு விளிம்பு தட்டியது. விரலால் தொடர்ந்து போனேன். தொப்புளைத் தாண்டியும் போனது. அம்மாவின் தையல் இஞ்சு டேப்பை எடுத்துச் சுற்றளவு பார்த்தேன். குழந்தை சிரித்தாள். கூச்சம்.

"இன்னாடி பண்ற? புள்ளைய அளக்கிற? கண்ணு பட்டுடப் போவுது," என்று அம்மா டேப்பைப் பிடுங்கினாள்.

மாமா வாசலிலேயே செருப்பைக் கழற்றிக்கொண்டு, "டாக்டரம்மா வந்துட்டாங்களா? பேஷண்டுக்கு ஜாக்கெட்டு தைக்கப் போறாங்களா?" என்றார்.

என் முகத்தில் சிரிப்பே இல்லை என்பதை அக்கா மட்டும் கவனித்தாள். மேடைமேல் இருந்த மீன் குழம்பைத் தொடாமல் வெறும் மோர்ச் சோறு தின்றுகொண்டிருந்தாள். ஏன் என்று கேட்டேன். வயிறு சரியில்லை என்றாள். இதைக்கூட நான் யோசிக்கவில்லை. இடுப்பில் குழந்தையைத் தூக்காமல் கையைப் பிடித்து நடத்தியே கூட்டிப் போனதையும் யோசிக்கவில்லை. என் கண் முழுக்க அந்தக் குழந்தையின் கண்ணிலேயே இருந்தது. கரண்டியை அவள் முகத்துக்கு முன் இடவலமாக நகர்த்திக்கொண்டிருந்தேன். இந்த நோயில் நரம்பைத் தொடுகிற வகையும் உண்டு. அந்த வகையில் குழந்தை கண்ணைத் திருப்புவதற்குப் பதில் தலையைத் திருப்பும் என்று பேருந்தில்தான் படித்திருந்தேன். அவள் கரண்டியைப் பிடுங்கி வாயில் வைத்துக்கொண்டாள். அடுத்த கரண்டியை எடுத்தேன். அக்கா என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"சொல்லு. இன்னாத்த தேடுற?"

சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் ஒரு நோட்டில் ஆணுக்குக் கட்டமும் பெண்ணுக்கு வட்டமும் போட்டுக் குடும்பப் படமும் வரைந்துவிட்டேன். சொந்தத்தில் கட்டியவர்களுக்கு நடுவில் இரட்டைக் கோடு போட வேண்டும். மாமாவுக்கும் அக்காவுக்கும் இரட்டைக் கோடு. அம்மாவின் அப்பா அம்மாவும் ஸ்ரீமுஷ்ணத்தில் மாமன் மகளும் அத்தை மகனும்தான். அங்கும் இரட்டைக் கோடு.

"உன் கூடப் பொறந்தவங்கள்ல சின்ன வயசுல யாராவது தவறியிருக்காங்களாம்மா?"

அம்மா நோட்டைப் பார்க்கவில்லை. அடுப்பை அணைத்தாள். "எனக்கும் ஒங்க மாமனுக்கும் நடுவுல ஆம்பளப் புள்ள ஒண்ணு இருந்துச்சு. நாலு வயசுல போயிடுச்சு. வயிறு பானையாட்டம். ஈரல்ல கட்டின்னாங்க."

மாமாவுக்கே அது தெரியாது. துண்டால் முகம் துடைத்துக்கொண்டிருந்தவர் அப்படியே நின்றார்.

நான் அந்த இடத்தில் வாயை மூடியிருக்க வேண்டும். படத்தில் ஒரு சின்னக் கட்டம் போட்டு, அதற்குக் குறுக்கே கோடு இழுத்து, "பாத்தியா, பொருந்துது!" என்றேன்.

"இன்னாடி பொருந்துது?" அம்மாவின் குரல் உயரவில்லை, தாழ்ந்தது. "என் தம்பிக்குப் பொண்ணு குடுத்தது தப்புன்ற. அதான? அப்பன் இல்லாத வீட்டுக்கு அவன் வந்து நின்னது தப்பு. ஒனக்கு ஃபீஸ் கட்டுனது தப்பு. நோட்டுல கோடு போட்டுக் காட்டுற."

"யாரு தப்பும் இல்லம்மா. யாருக்குமே தெரியாம வர்றது..."

"அப்ப பருப்புல நான் நெய்ய ஜாஸ்தி ஊத்துனதால இல்லையே?" என்றாள் அம்மா, சம்பந்தமே இல்லாமல். கொழுப்பு என்று நான் சொன்னதிலிருந்து அவள் மனசு அதையே சுற்றிக்கொண்டிருந்திருக்கிறது. இல்லை என்று நான் சொன்னதை நம்பினாளா தெரியாது. அன்றிலிருந்து குழந்தையின் தட்டுக்கு நெய் போவது நின்றுவிட்டது.

குழந்தையை வழக்கமாகப் பார்க்கும் டாக்டர் கடலூரில்தான். வயதானவர், நிதானமானவர். நான் பேசப் பேசக் குறுக்கிடாமல் கேட்டார். பிறகு குழந்தையின் பழைய ரத்தப் பரிசோதனைத் தாள்களை மறுபடி புரட்டினார். ஸ்கேன் எடுக்கச் சொன்னார். மண்ணீரலின் அளவைப் படித்ததும் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"நான் முன்னாடியே யோசிச்சிருக்கணும்மா. சென்னையில ஒரு லேப்ல நொதி பாக்குறாங்க. ஃபில்டர் அட்டையில ரத்தப் புள்ளி வெச்சு அனுப்பணும். வரவழைக்கிறேன்."

அட்டை வந்தது ஒரு சனிக்கிழமை. விரல் நுனியில் குத்தி, ஐந்து வட்டத்தையும் ரத்தத்தால் நிரப்பினார்கள். குழந்தை கத்திய கத்தலில் அக்கா வெளியே போய்விட்டாள். கிளினிக் மதியம் மூடிவிடும். அட்டை நாலு மணி நேரம் காய வேண்டும். "நீதான் படிச்ச பொண்ணாச்சே, வீட்டுல வெச்சிக் காயவெச்சு சாயங்காலம் கூரியர்ல போட்டுடு," என்றார் டாக்டர்.

எனக்கு மூன்று மணிக்குச் சிதம்பரத்தில் இன்டர்னல் பரீட்சை. வீட்டுக்கு ஓடிவந்து மாமாவிடம் அட்டையைக் கொடுத்தேன். அவருக்கு அன்று மதியம் ஷிப்ட் இல்லை.

"மாமா, கை படக்கூடாது. நல்லாக் காயணும். ஈரம் இருந்துச்சுன்னா மொத்தமும் போச்சு. நாலு மணி நேரம் கழிச்சு இந்தக் கவர்ல போட்டுக் குடுத்துடுங்க."

"நாலு மணி நேரம். கை படக்கூடாது. ஈரம் இருக்கக்கூடாது," என்று அவர் விரல் மடக்கித் திருப்பிச் சொன்னார். நான் பேருந்தைப் பிடிக்க ஓடினேன்.

பதினோரு நாள் கழித்து ரிப்போர்ட் டாக்டருக்கு வந்து, அவர் பார்க்கும் முன்பே எனக்கு அனுப்பிவைத்தார்கள் கிளினிக்கில். ஆய்வக வராந்தாவில் நின்று திறந்தேன். முதல் வரியில் அந்த நொதியின் பெயர், அதற்கு நேராகத் தடித்த எழுத்தில் 'குறைவு'. உடனே அக்காவைக் கூப்பிட்டேன்.

"அக்கா, நான் சொன்னது கரெக்ட்! கண்டுபிடிச்சாச்சு! அதேதான்!"

 அக்கா கேட்டாள்: "சந்தோஷமா இருக்கியாடி?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் வைத்துவிட்டாள்.

ரிப்போர்ட்டை மேடத்திடம் காட்டினேன். அவர் முதல் வரியில் நிற்கவில்லை. கீழே கீழே போனார். "மத்த நொதியெல்லாம் பாத்தியா? ஒப்பிட்டுப் பாக்கத்தான் அதையும் அளப்பாங்க. எல்லாமே அடிமட்டத்துல இருக்கே. ஒரு குழந்தைக்கு எல்லாமே இல்லாம இருக்காது." பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில் இருந்த வரியை விரலால் காட்டினார். மாதிரி கெட்டுவிட்டது, மறுபடி அனுப்பவும். "எங்க காயவெச்சீங்க?"

அன்று சாயங்காலம் வீட்டில் மாமாவைக் கேட்டேன்.

"மாடியிலதான். ஒங்கம்மா வடகம் காயவெச்சிருந்தா. அது பக்கத்துல தட்டு வெச்சு, அதுல வெச்சேன். காக்கா வந்துடுமேன்னு நாலு மணி நேரமும் கொடை பிடிச்சிக்கிட்டு அங்கயே குந்திக்கிட்டு இருந்தேன். எனக்குத்தான் கொடை. அட்டை மேல நெழலு உழாம பாத்துக்கிட்டேன்." பெருமையாகத்தான் சொன்னார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். "ஏன், காயலையா?"

சித்திரை வெயில். நாலு மணி நேரம். மீன், மிளகாய், வடகம், துணி என்று எதைக் காயவைப்பதென்றாலும் எங்கள் தெருவில் மாடிக்குத்தான் போகும். நிழலில், அறைச் சூட்டில், படுக்கைவாட்டில் என்று கவருக்குள் இருந்த தாளில் ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. அதைப் படித்தவள் நான். எனக்குத் தெரிந்தது எல்லோருக்கும் தெரியும் என்று நினைத்துவிட்டேன். வெயில் என்ற சொல்லே என் வாயிலிருந்து வரவில்லை.

"அப்ப எம்புள்ளைக்கு அந்த நோய் இல்லையா?" மாமாவின் முகம் மலர்ந்தது. அதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை.

"தெரியல மாமா. இருக்குன்னும் தெரியல, இல்லன்னும் தெரியல. மறுபடி ரத்தம் எடுக்கணும்."

அம்மா சமையலறையிலிருந்து சொன்னாள்: "யாரும் எடுக்க வேணாம். குத்துனது போதும். மொதல்ல இருக்குன்னு சொன்னா, இப்ப தெரியலன்றா. அடுத்தது இன்னா சொல்லுவா? திருவந்திபுரத்துத் தேவநாதருக்கு முடி எறக்குறதா வேண்டியிருக்கேன். அது முடியட்டும்."

இரண்டு வாரம் போனது. நான் கூப்பிட்டால் அக்கா எடுக்கவில்லை. டாக்டர் இரண்டு தடவை மாமாவுக்குச் சொல்லி அனுப்பினார். மாமா, "அக்கா சொன்னா வரேன் சார்," என்று என் அம்மாவைக் கைகாட்டிவிட்டார்.

திருவந்திபுரத்துக்குப் போன அன்று என்னையும் கூப்பிட்டார்கள். தாய்மாமன் மடி இல்லாத குறைக்குச் சித்தி மடி என்றாள் அம்மா. முடி இறக்கும் இடத்தில் நான் சம்மணமிட்டு உட்கார்ந்து குழந்தையை மடியில் வைத்துக்கொண்டேன். தண்ணீர் தடவி, பின்மண்டையிலிருந்து கத்தியை இழுத்தார் முடி இறக்குபவர். கை பழகியவர், குழந்தையும் அழவில்லை. பாதி மழித்தபோது தும்மினாள். அவ்வளவுதான். காதுக்கு மேலே ஒரு அரிசி நீளத்துக்குக் கீறல்.

"ஒண்ணுமில்லம்மா, இப்ப நின்னுடும்," என்று சந்தனத்தை அப்பினார்.

சந்தனம் சிவந்தது. துடைத்தார். மறுபடி அப்பினார். மறுபடி சிவந்தது. பக்கத்தில் இன்னொரு குழந்தைக்கு மழித்து முடித்து, அவர்கள் எழுந்து போய், வேறு குடும்பம் வந்து உட்கார்ந்துவிட்டது. எங்கள் பிள்ளையாரின் காதோரம் மட்டும் நிற்கவில்லை. சொட்டுச் சொட்டாக என் சுடிதாரில் விழுந்தது. நான் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். எடுத்தால் வருகிறது. குழந்தை பாதி மொட்டையோடு, எதுவும் நடக்காததுபோல, என் வளையலை எண்ணிக்கொண்டிருந்தாள்.

அக்கா எனக்கு எதிரில் மண்டிபோட்டாள். முந்தானையை மடித்து என் விரலுக்குக் கீழே வைத்தாள். அவள் கை என் கைமேல்.

"இது அதனாலதானா?"

"இருக்கலாம். ரத்தத்த நிறுத்துற தட்டணு கம்மியா இருந்தா இப்படி நிக்காது."

"எனக்குப் பதிமூணாவது வாரம்டி," என்றாள் அக்கா.

எனக்கு உடனே புரியவில்லை. புரிந்ததும் அம்மாவைப் பார்த்தேன். அம்மா கோபுரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நேத்தோட மூணு மாசம் முடிஞ்சிருச்சு. ஒங்கிட்ட சொல்லலாம்னு அம்மா சொன்னாங்க. நாலுல ஒண்ணுன்னு சொன்னியே, அது இதுக்கும் உண்டா?"

"உண்டு."

"பாக்க முடியுமா?"

"முடியும். ஆனா மொதல்ல இவளுக்கு உறுதியாவணும். அப்புறம் எந்த எடத்துல பழுதுன்னு கண்டுபிடிக்கணும். அதுக்கு அப்புறம்தான் ஒன் வயித்துல இருக்கிறதப் பாக்க முடியும். நாள் பத்தாது அக்கா. ஏற்கெனவே ஒரு மாசம் போச்சு."

"யாரால போச்சு?" என்று கேட்டது மாமா. பின்னால் நின்றிருந்திருக்கிறார்.

"என்னால," என்றேன்.

அவர் குனிந்து குழந்தையை என் மடியிலிருந்து வாங்கிக்கொண்டார். "மீதிய நாளைக்கு மழிச்சிக்கலாம். டாக்டர்கிட்ட போலாம் வா."

அம்மா வாய் திறந்தாள். வேண்டுதல் பாதியில் நிற்கக்கூடாது என்று சொல்லப் போகிறாள் என்று நினைத்தேன். "ஆட்டோல போவலாம், பஸ்ல குலுங்கும்," என்றாள்.

பாதி மொட்டையோடு, காதோரம் பஞ்சுக் கட்டோடு அந்தக் குழந்தை டாக்டர் மேஜைமேல் உட்கார்ந்திருந்த கோலம் இன்னும் கண்ணில் நிற்கிறது. அரை மணி அழுத்திப் பிடித்த பிறகுதான் ரத்தம் நின்றது. இந்த முறை அட்டை வேண்டாம் என்றார் டாக்டர். குழாயில் முழு ரத்தம் எடுத்து நேராக லேபுக்குக் கொண்டுபோக வேண்டும். வெள்ளை அணுக்களைப் பிரித்துப் பார்ப்பார்கள், சந்தேகத்துக்கே இடமிருக்காது. அதே ரத்தத்தில் மரபணுவும் பார்க்கச் சொல்லலாம். குளிர்ச்சியாக இருக்க வேண்டும், ஐஸாக உறையவும் கூடாது. உறைந்தால் மறுபடி எல்லாம் கெடும்.

"உறையாம குளிர்ச்சியா," என்றார் மாமா. "எவ்வளவு நேரம்?"

"காலையில எடுத்தா சாயங்காலத்துக்குள்ள போய்ச் சேரணும்."

"நானே எடுத்துட்டுப் போறேன்."

நான் விளக்கம் சொல்ல ஆரம்பித்தேன். இந்த முறை எதையும் விடக்கூடாது என்று எழுதியே வைத்திருந்தேன். அவர் கையை உயர்த்தினார்.

"அட்டை காயவெக்கிறது எனக்குத் தெரியாத வேல. இது என் வேல. நீ சும்மா இரு."

மறுநாள் காலை அவர் பெட்டி கட்டியதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். தெர்மாகோல் பெட்டி. அடியில் உடைத்த ஐஸ். அதன்மேல் ஈரம் பிழிந்த சாக்கு. அதன்மேல் வைக்கோல். ஏற்றுமதிக்குப் போகும் இறாலை ஐஸ் கட்டி நேராக அழுத்தினால் நசுங்கிவிடும், வாங்குகிறவன் திருப்பி அனுப்பிவிடுவான் என்றார். ரத்தக் குழாய்களை ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் நிறுத்தி, டப்பாவை வைக்கோலுக்கு நடுவில் வைத்தார். மூடும் முன் உள்ளே கையை விட்டுக் கண்ணை மூடிக்கொண்டு பத்து விநாடி நின்றார். நான் ஆய்வகத்திலிருந்து கொண்டுவந்திருந்த வெப்பமானியை உள்ளே வைத்துப் பார்த்தேன். ஐந்து டிகிரி. எனக்கே நம்ப முடியவில்லை.

"இன்னா சொல்லுது ஒன் மெஷினு?"

"சரியா இருக்கு மாமா."

"அத மூடி வை. தெறக்கத் தெறக்கச் சூடு ஏறும்."

முதுநகரில் ரயில் ஏறினார். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டே போனாராம். மேலே வைக்கச் சொன்ன ஆளிடம், "உள்ள எம்பொண்ணு இருக்கா," என்று சொன்னதாக அவரே சொன்னார்.

ஒன்பது நாளில் நொதி ரிப்போர்ட் வந்தது. நான் முதல் வரியைப் படிக்கவில்லை. அடியிலிருந்து மேலே படித்தேன். மற்ற நொதிகள் எல்லாம் சரியான அளவு. மாதிரி நன்றாக இருந்தது. மேலே அந்த ஒன்று மட்டும் ஏறக்குறைய இல்லை.

இந்த முறை போனில் சொல்லவில்லை. பேருந்தேறிப் போய், அக்கா பக்கத்தில் உட்கார்ந்து, தாளை அவள் கையில் கொடுத்தேன். அவள் படித்தாள். டாக்டர் சொன்னதையும் சொன்னேன். மருந்து இருக்கிறது, இல்லாத நொதியை நரம்பு வழியாக இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஏற்றுவார்கள். சென்னையில் பெரிய ஆஸ்பத்திரி மூலமாக அரசுத் திட்டத்துக்கு விண்ணப்பிக்க அவரே கடிதம் எழுதிவிட்டார். நரம்பைத் தொடாத வகை என்று இப்போதே உறுதியாகச் சொல்ல முடியாது, கண்ணைக் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

"கரண்டி," என்றாள் அக்கா. "தெனம் காலையில நானும் பண்ணிப் பாக்குறேன்."

மரபணு ரிப்போர்ட் போன செவ்வாய்க்கிழமை வந்தது. மரபணு வரிசையில் ஒரே எழுத்துப் பிழை, இரண்டு பக்கமும். மாமாவிடமிருந்து ஒன்று, அக்காவிடமிருந்து ஒன்று. எனக்கும் அந்தப் பழுது உண்டா என்று ரத்தம் எடுத்திருக்கிறார்கள், இன்னும் வரவில்லை. அம்மா அன்று சாயங்காலம் என் நோட்டைக் கேட்டு வாங்கினாள். இரட்டைக் கோட்டை விரலால் தடவினாள். பிறகு ஸ்ரீமுஷ்ணம் பக்கம் நான் போட்டிருந்த வரிசையில் ஒரு காலி இடத்தைக் காட்டி, "இங்க ஒரு பொண்ணு வுட்டுட்ட. ஒங்க சின்னத் தாத்தா வீட்டுது. அதுக்கும் வயிறுதான்," என்றாள். நான் வட்டம் போட்டேன். அந்த வீட்டில் ஆவணியில் ஒரு கல்யாணம் பேசியிருக்கிறார்கள், அதுவும் சொந்தத்தில்தான். அங்கே போய் என்ன சொல்வது, யார் சொல்வது என்று இன்னும் முடிவாகவில்லை. நான் மட்டும் போய்ச் சொல்லக்கூடாது என்பது முடிவாகிவிட்டது.

திங்கட்கிழமை காலை அக்காவுக்குச் சென்னையில் பனிக்குட நீர் எடுக்கிறார்கள். பதினேழாவது வாரம். அந்த நீரில் மிதக்கும் குழந்தையின் செல்களில் அதே எழுத்தைத் தேடுவார்கள். நாலில் மூன்று பங்கு நல்லதாக வரலாம் என்று நான் ஆரம்பித்தபோது அக்கா என் வாயைப் பொத்தினாள்.

"ரிசல்ட்டு ஒனக்கு வராது. எனக்குத்தான் வரும். நான்தான் மொதல்ல படிப்பேன். இன்னா பண்றதுன்னு நானும் மாமாவும்தான் பேசுவோம். அதுவரைக்கும் நீ ஒரு வார்த்த பேசக்கூடாது. முடியுமா ஒன்னால?"

முடியும் என்றேன். என்னால் முடியுமா என்று தெரியவில்லை. முயற்சி செய்ய வேண்டும்.

அவர்கள் இரண்டு பேரும் ஞாயிறு மதியமே கிளம்புகிறார்கள். நான் இங்கே குழந்தையோடு இருப்பேன். மீதி முடியைக் கீறல் பட்ட இடத்தைத் தொடாமல் கத்தரிக்கோலால் ஒட்டக் கத்தரித்துவிட்டிருக்கிறோம். காலையில் கரண்டியை இடவலமாக நகர்த்துவேன். போன் மேடைமேல் இருக்கும். அது அடித்தால் அக்கா பேசுகிறவரை நான் காத்திருப்பேன்.